கரியமில வாயுவிலிருந்து எரிபொருள் செய்யும் பாசி: செல் செய்து காட்டிவிட்டது, பிறகு எங்கே நின்றது?

வான்மதி
வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். உயிரித் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். வகுப்பில் பேசுவதற்காக சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், இப்போது அதை விட்டு வெளியே வர முடியவில்லை. வெயில், தண்ணீர், கரியமில வாயு, கொஞ்சம் உப்புகள், இவ்வளவுதான் அதற்குத் தீனி. அதை வைத்துக்கொண்டு ஒரு செல் எத்தனால் செய்து வெளியே விடுகிறது. 1999லேயே டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இதைச் செய்துவிட்டார்கள். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் லியாவோவின் குழு ஐசோபியூட்டிரால்டிஹைடு செய்தது. அடுத்த வருடமே, டீசலில் இருப்பது போன்ற ஆல்கேன்களை இந்தப் பாசிகள் இயல்பாகவே எப்படிச் செய்கின்றன, எந்த இரண்டு நொதிகள் அதற்குக் காரணம் என்பதும் தெரிந்துவிட்டது.

சரி, அதற்குப் பிறகு? இத்தனை வருடத்தில் ஏன் இது ஆய்வகத்தைத் தாண்டவில்லை? வேதியியல் தப்பா, உயிரியல் தப்பா, செலவா? மேற்படிப்புக்கு இதையே எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீலப்பச்சை
வெள்ளி, இரவு 11.05

வான்மதி, இந்தத் துறையில் ஆறு வருடம் ஆய்வகத்தில் இருந்தவள் நான். உன் கேள்வியைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதலில் அந்த 2009 வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதில் கெட்டிக்காரத்தனம் இருந்தது எதில் என்று தெரிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். எல்லா செல்லும் வேலின் என்ற அமினோ அமிலத்தைச் செய்கிறது. அதற்குப் போகும் வழியில் ஒரு கீட்டோ அமிலம் உருவாகும். லியாவோ குழு அந்த இடத்தில் ஒரு கிளைச்சாலை போட்டது. பால் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸிலிருந்து ஒரு நொதியைக் கொண்டுவந்து, கீட்டோ அமிலத்திலிருந்து ஒரு கார்பனை உரித்தால் ஐசோபியூட்டிரால்டிஹைடு. மேல்பக்கம் வரத்து போதவில்லை என்று பேசிலஸ், ஈ. கோலை என்ற பாக்டீரியாக்களிலிருந்து மரபணுக்களைச் சேர்த்தார்கள். கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோவையும் கூடுதலாக வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த படி. ஐசோபியூட்டிரால்டிஹைடு 63 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் குடுவைக்குள் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், செல் செய்தது காற்றோடு ஆவியாக வெளியே வந்துவிடும். குளிர்ந்த பொறியில் பிடித்துக்கொள்ளலாம். செல்லைக் கொல்ல வேண்டாம், பிழிய வேண்டாம். நஞ்சும் உள்ளே சேராது. அதைப் பிறகு எரிபொருளாகும் ஐசோபியூட்டனாலாக மாற்றுவது சாதாரண வேதியியல்.

ஆனால் கிடைத்த அளவு லிட்டருக்கு மணிக்கு சுமார் 6 மில்லிகிராம். அன்றைக்கு அது பெரிய எண், எல்லோரும் துள்ளிக் குதித்தோம். ஒரு கிராம் சேர ஒரு வாரம் ஆகும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

பாதை போடுவது கஷ்டம் என்று அப்போது நினைத்தோம். இன்று பார்த்தால் இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான். செல் பிடித்த கார்பனை அதன் கையிலிருந்து வாங்குவது, வாங்கிக்கொண்டே இருப்பது, அங்கேதான் எல்லோரும் நின்றோம். மீதியை நாளை எழுதுகிறேன்.

எண்ணிப்பார்
சனி, காலை 6.20

நீலப்பச்சை செல்லுக்குள் இருந்து ஆரம்பித்தார். நான் சூரியனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எந்த மரபணுவை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

நல்ல வெயில் விழும் நிலத்தில் இரவு, பகல், மேகம் எல்லாம் சேர்த்துச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 6300 மெகாஜூல். இதில் பாசி பயன்படுத்தக்கூடிய நிறங்கள் பாதிக்கும் குறைவு, கிட்டத்தட்ட 45 சதவீதம். ஒரு கரியமில வாயு மூலக்கூறைச் சர்க்கரையாக்கக் குறைந்தது 8 ஃபோட்டான் வேண்டும். இந்த இரண்டையும் பெருக்கினாலே உச்சவரம்பு 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இது எதுவும் சிந்தாமல் சிதறாமல் நடந்தால். செல் மூச்சு விட வேண்டும், புரதம் செய்ய வேண்டும், இரவில் உயிரோடு இருக்க வேண்டும். வெளியில் வளர்க்கும் பாசி உண்மையில் தருவது 1 முதல் 3 சதவீதம்.

1 சதவீதம் எத்தனாலாக வந்தால் சதுர மீட்டருக்கு 63 மெகாஜூல். எத்தனால் லிட்டருக்கு 21 மெகாஜூல். ஆக, வருடத்துக்கு 3 லிட்டர். ஹெக்டேருக்கு 30,000 லிட்டர். மோசமில்லை, பயிர்களிலிருந்து வருவதைவிடப் பல மடங்கு.

ஜூல் என்ற அமெரிக்க நிறுவனம் (2007இல் தொடங்கியது) ஏக்கருக்கு வருடம் 25,000 கேலன் எத்தனால் எடுக்கலாம் என்று சொன்னது. அதை மாற்றினால் ஹெக்டேருக்குச் சுமார் 2,34,000 லிட்டர், சதுர மீட்டருக்கு 23 லிட்டர். நல்ல பாலைவன வெயிலையே எடுத்துக்கொண்டாலும் விழும் மொத்த ஒளியில் 6 சதவீதத்துக்கு மேல் நேராக எரிபொருளாக வந்தாக வேண்டும். இயற்பியல் தடுக்கவில்லைதான். ஆனால் செல்லுக்குத் தனக்கென்று வைத்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. நியூ மெக்சிகோவின் ஹாப்ஸில் சோதனை ஆலை வரை போன அந்த நிறுவனம் 2017இல் மூடப்பட்டது.

அந்த வாக்குறுதிகளைக் கேட்டு இந்தத் துறைக்கு வந்த இளைஞர்களை எனக்குத் தெரியும். எண்ணை முதலில் போட்டுப் பார்த்திருந்தால் அவர்கள் வேறு கேள்வியோடு வந்திருப்பார்கள். அதனால்தான் இதைக் காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன்.

மழைக்குருவி
சனி, காலை 8.02

ஒரு சின்னச் சந்தேகம். ரூபிஸ்கோ மெதுவான நொதி, அதை வேகமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். அதை யாரும் செய்யவில்லையா?

நீலப்பச்சை
சனி, காலை 10.15

மழைக்குருவி, ரூபிஸ்கோ மெதுதான், நொடிக்குச் சில மூலக்கூறுகள்தான் பிடிக்கும். அதோடு கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனையும் பிடித்துத் தொலைக்கும். ஆனால் சயனோபாக்டீரியா இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. பைகார்பனேட்டை உள்ளே இழுக்கும் பம்புகள் அதனிடம் இருக்கின்றன. ரூபிஸ்கோ முழுவதையும் கார்பாக்சிசோம் என்ற புரதக்கூட்டுக்குள் அடைத்து, அங்கே கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தால் பல பட்டை வைத்து வெட்டிய கல் மாதிரி இருக்கும். ஆகவே இந்தச் செல்லில் ரூபிஸ்கோவைக் குறை சொல்வது அவ்வளவு நியாயமில்லை.

பெரிய நஷ்டம் ஒளியில். உச்சி வெயிலின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியிலேயே ஒளிச்சேர்க்கை நிரம்பிவிடும். மேலே மிதக்கும் செல்கள் தேவைக்கு மேல் ஒளியைப் பிடித்து வெப்பமாக விரயம் செய்கின்றன. அடியில் இருப்பவை அவற்றின் நிழலில் பட்டினி. ஏரியில் தனியாக வாழும் செல்லுக்கு இந்தப் பேராசை நல்லது, பக்கத்துச் செல்லுக்கு ஒளி போகாது. நமக்கு அது கெடுதல். ஒளி பிடிக்கும் ஆன்டெனாவை நறுக்கிவிட்டால் ஒளி ஆழமாக இறங்கும் என்பது பழைய யோசனை. சினெக்கோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவில் அதைச் செய்து பார்த்த ஒரு குழு 2012இல் விளைச்சல் குறைந்தது என்றது. இரண்டு வருடம் கழித்து, வேறு விதமாக நறுக்கிய இன்னொரு குழு கூடியது என்றது. எங்கே வெட்டுகிறோம், எந்த ஒளியில் வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை புரண்டுவிடுகிறது.

எண்ணிப்பார் சொன்ன கணக்கை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நேற்று நிறுத்திய இடத்துக்கு வருகிறேன்.

வான்மதி, பாடத்தில் சொல்ல மாட்டார்கள், கையில் செய்தால்தான் தெரியும் ஒன்று இது. சினெக்கோசிஸ்டிஸ் 6803, முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்ட முதல் ஒளிச்சேர்க்கை உயிரி. 1996இலேயே ஜப்பானின் கசூசா நிறுவனத்தில் வாசித்துவிட்டார்கள். ஆனால் ஒரு செல்லில் குரோமோசோம் ஒன்று இல்லை, பத்துக்கும் மேல் நகல்கள். உன் மரபணுவை, அடையாளத்துக்கு ஓர் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவோடு சேர்த்துச் செருகினால் முதலில் ஒரு நகலில்தான் போய் உட்காரும். மீதி எல்லாம் பழையபடி. ஆன்டிபயாடிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அகார் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றிக் கீறி, எல்லா நகலும் மாறும்வரை ஓட்ட வேண்டும். ஒரு தட்டில் கொலனி தெரிய ஒரு வாரம், பத்து நாள். அந்த மரபணுத் துண்டை மட்டும் பெருக்கும் பிசிஆர் செய்து ஜெல்லில் பார்த்தால் புதுப் பட்டை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே பழைய பட்டை மங்கலாக ஒரு கோடு. அந்த மங்கல் கோடு மறையும்வரை நீ எதையும் நம்பக் கூடாது. அதற்காக மட்டும் இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன்.

அது முடிந்தபிறகுதான் உண்மையான கஷ்டம். எத்தனால் செய்யும் ஒரு வகை என்னிடம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது வாரம் அளவு இறங்க ஆரம்பித்தது. கருவி கெட்டுவிட்டதா, காற்றுக் குழாயில் கசிவா என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். குடுவை மட்டும் முன்னைவிட அழகாக இருந்தது. அடர்ந்த நீலப்பச்சை, வேகமான வளர்ச்சி. ஏழாவது வாரம் எத்தனால் சுத்தமாக இல்லை. மரபணுவை வாசித்தபோது நடுவில் ஒரே ஒரு எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. நொதி பாதியில் நின்றுபோயிற்று. எங்கோ ஒரு செல்லில் அந்தப் பிழை வந்திருக்கிறது. எத்தனால் செய்யாததால் அது கொஞ்சம் வேகமாகப் பெருகியது. சில வாரத்தில் குடுவையே அதன் பிள்ளைகளால் நிரம்பிவிட்டது. அந்தக் குடுவையின் அழகை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

இது என் துரதிர்ஷ்டம் மட்டும் இல்லை. சினெக்கோகாக்கஸ் என்ற இன்னொரு சயனோபாக்டீரியாவை எத்திலீன் செய்யவைத்தபோது அதிலும் இதே மாதிரி மரபணு சிதைந்துபோவதை ஜப்பானியக் குழு ஒன்று 2003இல் எழுதியிருக்கிறது. பிறகு அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் வேறு பாசியில், மரபணு எழுத்துகளைக் கவனமாக மாற்றி எழுதி, பலமுறை இடம் மாற்றியும் எத்திலீன் நிற்காமல் வரச் செய்தார்கள். ஆக, வழி இருக்கிறது. செல்லோடு போட்டி போடாமல் அதற்கும் இதில் ஒரு லாபம் இருக்கும்படி அமைக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கற்றது.

வால்வு
சனி, பிற்பகல் 2.30

நான் செல்லைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்தது குழாயும் பம்பும். இருபது வருடமாகக் காய்ச்சி வடிக்கும் கோபுரங்களோடு வாழ்கிறேன்.

சயனோபாக்டீரியாவில் எத்தனால் லிட்டருக்கு 5.5 கிராம் வரை வந்தது என்று 2012இல் ஒரு சீனக் குழு வெளியிட்டது. ஈஸ்ட் நொதித்தலில் 100 கிராமுக்கு மேல் சர்வசாதாரணம். இந்த வித்தியாசம் வடிப்பவனுக்கு என்ன என்று பாருங்கள். ஒரு லிட்டர் எத்தனால் 789 கிராம். ஈஸ்ட் குழம்பில் அதற்காக 8 லிட்டர் திரவத்தைக் கையாண்டால் போதும். பாசித் தண்ணீரில் 143 லிட்டர். அந்த 143 லிட்டரை 70 டிகிரி சூடேற்றவே 42 மெகாஜூல் ஆகும். கடைசியில் கையில் வரும் எத்தனாலின் மொத்த ஆற்றலே 21. வெப்பப் பரிமாற்றி வைத்து வெளியே போகும் சூட்டைப் பெரும்பகுதி திரும்பப் பிடிக்கலாம், அதைத்தான் செய்வோம். ஆனாலும் எவ்வளவு பெரிய பள்ளத்திலிருந்து ஏற ஆரம்பிக்கிறோம் என்று தெரிகிறதல்லவா?

அதனால்தான் நீலப்பச்சை சொன்ன, ஆவியாகத் தானே வெளியேறும் சரக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐசோபிரீனும் அப்படித்தான், 34 டிகிரியிலேயே கொதிக்கும். தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும் எண்ணெயும் நல்லதுதான். தண்ணீரோடு ஒட்டிக்கொள்ளும் சரக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு எங்களிடம் வந்து பிரித்துக்கொடு என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்?

அடுத்தது கரியமில வாயு. காற்றில்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 0.042 சதவீதம். ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஒன்றரைக் கிலோ கரியமில வாயு வேண்டும். அதைக் காற்றிலிருந்து எடுக்க, ஒரு துளி விடாமல் உறிஞ்சினாலும் 2000 கன மீட்டர் காற்றைத் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். பம்பு ஓட்டும் செலவிலேயே முடிந்துவிடும். ஆகவே புகைபோக்கிப் பக்கத்தில்தான் போக வேண்டும். அங்கே வேறு சிக்கல்: ஆலை இரவிலும் புகை விடும், பாசி இரவில் தூங்கும். தொழிற்சாலையை ஒட்டி அவ்வளவு சமதளமும், அவ்வளவு தண்ணீரும் ஒரே இடத்தில் அமைய வேண்டும்.

திறந்த குளத்தில் வளர்த்தால் மலிவு, ஆனால் வேறு பாசி நுழையும், பாசியைத் தின்னும் ரோட்டிஃபர் நுழையும். மூடிய கண்ணாடிக் குழாயில் வளர்த்தால் சுத்தம், ஆனால் செலவு. அதோடு செல் விடும் ஆக்சிஜன் உள்ளே சேர்ந்து ஒளிச்சேர்க்கையையே மட்டுப்படுத்தும், வெயிலில் குழாய் சூடேறும். 1978 முதல் 1996 வரை அமெரிக்க அரசு நடத்திய நீர்வாழ் உயிரினத் திட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். ராஸ்வெல் என்ற ஊரில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் கட்டி ஓட்டினார்கள். சில நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் வரைகூட வந்தது. இரவுக் குளிர் அடித்தபோது சராசரி அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. குளத்தில் ஆய்வக வகையை விட்டால், அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த பாசி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்தத் திட்டம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அதனால்தான் குழாயைப் பற்றிக் கடைசியில் யோசிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சூரியத்தகடு
சனி, இரவு 7.48

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள், ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லை. சாதாரண சூரியத்தகடு 20 சதவீதம் தருகிறது. அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதை நுண்ணுயிருக்குக் கொடுத்தால் போதாதா? 2016இல் ஹார்வர்டில் நொசேராவும் பமேலா சில்வரும் அதைத்தான் செய்தார்கள். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா, அதற்கு ஒளி தேவையில்லை, ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் போதும். தகட்டோடு சேர்த்துக் கணக்கிட்டால் சூரிய ஒளியில் 10 சதவீதம் உயிர்ப்பொருளாகிறது என்று காட்டினார்கள். ஐசோபுரோபனால் போன்ற ஆல்கஹால்களும் செய்தது. உருக்காலைப் புகையிலிருந்து எத்தனால் எடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா சீனாவில் 2018 முதல் வணிக அளவில் ஓடுகிறது. அதற்கும் வெயில் வேண்டாம்.

2009இல் எக்ஸான்மொபில், கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை பாசியில் போடுவதாக அறிவித்தது. 2017இல் நானோகுளோராப்சிஸ் என்ற பாசியின் எண்ணெயை இரட்டிப்பாக்கி, வளர்ச்சியும் குறையாமல் வைத்தது நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் 2023இல் கை கழுவிவிட்டார்கள். இன்னும் எதற்கு ஒளிச்சேர்க்கையைப் பிடித்துத் தொங்குகிறோம்? ஒரு மாணவியை இதில் இறக்கிவிடுவது நியாயமா?

நீலப்பச்சை
சனி, இரவு 10.30

சூரியத்தகடு, நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. செயல்திறனை மட்டும் பார்த்தால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

ஆனால் ஒரு விஷயம். தகட்டை யாரோ செய்ய வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பிக்கு உலோகம் வேண்டும். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுவதற்குப் பாதுகாப்பு வேண்டும். செல் தன்னைத் தானே செய்துகொள்கிறது. பழுதானால் தானே சரி செய்துகொள்கிறது. ஒளியை வாங்கித் தண்ணீரைப் பிளக்கும் 'ஒளிமண்டலம் இரண்டு' என்ற அமைப்பின் ஒரு புரதம் வெயிலில் அடிபட்டு உடைவதும், செல் அதைக் கழற்றிப் புதிது மாட்டுவதும் பகல் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. அப்படி ஒரு தகட்டை நாம் இன்னும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் வேலை நடக்கட்டும் என்பதே என் ஆசை. பாசியில் கற்ற மரபணுப் பாதைகள் ரால்ஸ்டோனியாவுக்கும் அப்படியே போகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட உயிரிகளும் உண்டு. ரோடோசூடோமோனஸ் பாலுஸ்ட்ரிஸ் என்ற ஊதாப் பாக்டீரியா, ஒளியை வாங்கிக்கொண்டே மின்முனையிலிருந்து எலக்ட்ரானையும் வாங்கும். செயின்ட் லூயிஸில் ஒரு குழு 2021இல் அதிலிருந்து பியூட்டனால் எடுத்தது. அளவு மிகவும் சிறிது, ஆனால் அந்தச் செல்லை நினைத்தாலே எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

இன்னொன்று. 2012இல் அதே பமேலா சில்வரின் ஆய்வகத்தில், டேனியல் டூகாட் சினெக்கோகாக்கஸிலிருந்து சர்க்கரையை வெளியே விடவைத்தார். இந்தச் செல் உப்புத் தண்ணீரில் இருந்தால், சமாளிப்பதற்காக உள்ளே சுக்ரோஸ் சேர்த்து வைக்கும். அதன் சவ்வில் ஈ. கோலையின் ஒரு கடத்தியை வைத்ததும், சுக்ரோஸ் வெளியே போக ஆரம்பித்தது. பிடித்த கார்பனில் பெரும்பங்கு சர்க்கரையாகவே வெளியே வந்தது. அதைவிட ஆச்சரியம், செல்லின் ஒளிச்சேர்க்கையும் கூடியது. அதாவது சாதாரணமாக அந்தச் செல் தன் முழுத் திறனில் ஓடுவதே இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் இன்னும் பிடிக்கிறது. களஞ்சியம் நிரம்பியதால் அறுவடையை மெதுவாக்கிய விவசாயி மாதிரி.

எண்ணிப்பார் இன்று காலை, செல்லுக்கென்று எதுவும் மிஞ்சாது என்றார். அது முழு உண்மை இல்லை என்பதற்கு இதுதான் எனக்குக் கிடைத்த நம்பிக்கை. நாம் எடுப்பது எல்லாம் அதன் வாயிலிருந்து பிடுங்குவதாக இருக்க வேண்டியதில்லை. அதனால் பயன்படுத்த முடியாமல் வெப்பமாகக் கொட்டும் பங்கிலிருந்து கொஞ்சம் எடுக்க முடிகிறது.

எண்ணிப்பார்
ஞாயிறு, காலை 7.10

நீலப்பச்சை, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். உச்சவரம்பு மாறவில்லை, ஆனால் அதற்கும் நாம் இருக்கும் இடத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் சுவர் என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு கதவு இருக்கிறது என்கிறீர்கள். சரி.

இலைநரம்பு
ஞாயிறு, காலை 9.35

எனக்கு இரண்டு கவலைகள். ஒன்று, இந்த மாற்றிய பாசி ஏரியிலோ கடலிலோ கலந்துவிட்டால்? இரண்டாவது, இந்த எரிபொருளையும் எரிக்கத்தானே போகிறோம், கரியமில வாயு திரும்பக் காற்றுக்குத்தானே போகும்?

வால்வு
ஞாயிறு, காலை 11.00

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஆம், போகும். காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயு என்றால் எடுத்ததே திரும்பப் போகிறது, சுற்று மூடிவிடுகிறது, நடுவில் பம்புக்கும் உரத்துக்கும் செலவான ஆற்றல்தான் கணக்கில் நிற்கும். நிலக்கரி ஆலைப் புகையிலிருந்து எடுத்தால் கதை வேறு. நிலத்தடியிலிருந்து தோண்டிய கார்பனை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான். பாதியளவு நன்மை உண்டு, ஏனென்றால் இரண்டாவது முறைக்குத் தோண்ட வேண்டிய எண்ணெயைத் தோண்டவில்லை. ஆனால் கரியமில வாயுவைத் தின்று தீர்க்கும் பாசி என்று விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். கார்களுக்கு பேட்டரி வந்துவிட்டது. நீண்ட தூர விமானத்துக்கும் கப்பலுக்கும் திரவ எரிபொருள் இன்னும் பல காலம் தேவைப்படும். இந்த வேலை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அர்த்தம்.

நீலப்பச்சை
ஞாயிறு, பிற்பகல் 1.20

இலைநரம்பு, முதல் கவலை நியாயமானது. எரிபொருள் செய்யும் செல் வெளியே போனால் பெரும்பாலும் தோற்கும். என் குடுவையில் நடந்ததுதான் ஏரியிலும் நடக்கும், சுமை தூக்குகிறவன் பின்தங்குவான். ஆனால் பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆயிரம் ஹெக்டேர் குளம் வெட்ட முடியாது. அதோடு சினெக்கோகாக்கஸ் 7942 போன்றவை வெளியே கிடக்கும் டிஎன்ஏவைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவை அடையாளமாக வைத்தபடி வெளியே விடவே கூடாது.

ஹிரோஷிமா பல்கலைக்கழகக் குழுவின் வழி எனக்குப் பிடித்தது. எல்லா உயிருக்கும் பாஸ்பேட் வேண்டும். இந்தக் குழு செல்லின் பாஸ்பேட் கடத்திகளை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் பாஸ்பைட்டை மட்டும் உண்ணும்படி மாற்றியது. பாஸ்பைட் இயற்கை நீர்நிலையில் கிட்டத்தட்டக் கிடையாது. நாம் ஊட்டினால் வாழும், தப்பித்துப் போனால் பட்டினியில் முடிந்துவிடும். கூடுதல் லாபம், பாஸ்பைட்டை மட்டும் கொடுக்கும் குளத்தில் வேறு பாசி எளிதில் வளராது. வால்வு சொன்ன ராஸ்வெல் தொல்லைக்கும் ஓரளவு மருந்து.

மழைக்குருவி
ஞாயிறு, மாலை 4.45

வேகமாக வளரும் வகைகள் இப்போது கிடைக்கிறதாமே?

நீலப்பச்சை
ஞாயிறு, மாலை 5.10

ஆமாம். யூடெக்ஸ் 2973 என்ற சினெக்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்தில் இரட்டிப்பாகிறது என்று 2015இல் வெளியானது. நாங்கள் வேலை செய்த பழைய வகைகளுக்கு அரை நாள் வரை ஆகும். மாணவர்களின் வாழ்நாளில் பல மாதங்களை இது மிச்சப்படுத்தும்.

வான்மதி
ஞாயிறு, இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். வால்வு சார், அந்த 143 லிட்டர் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது, வயிற்றைக் கலக்குகிறது. நீலப்பச்சை அக்கா, உங்கள் ஐந்தாவது வாரக் குடுவை எனக்குக் கனவில் வந்தது.

எங்கள் பேராசிரியரிடம் பேசினேன். சர்க்கரை வெளியே விடும் சினெக்கோகாக்கஸ் வகை ஒன்றை அவர் தெரிந்த ஆய்வகத்திலிருந்து வாங்கி வைத்திருக்கிறாராம். இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எரிபொருள் இல்லை, சர்க்கரைதான். ஆனால் செல் எவ்வளவு காலம் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்ற கேள்வியை அதில் கேட்க முடியும் இல்லையா? எப்படி அமைக்கலாம்?

நீலப்பச்சை
ஞாயிறு, இரவு 10.20

வான்மதி, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடத்தி மரபணு பெரும்பாலும் ஐபிடிஜி என்ற தூண்டி சேர்த்தால்தான் வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள், பேராசிரியரிடம் கேட்டுக்கொள். அப்படியானால் இரண்டு வரிசைக் குடுவைகள் வை, இரண்டிலும் ஒரே அளவு உப்பு. ஒன்றில் தூண்டி உண்டு, மற்றதில் இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று குடுவையாவது இருக்கட்டும், ஒன்றை மட்டும் வைத்துவிட்டு முடிவு சொல்லாதே. குறிப்பிட்ட அடர்த்தி வந்ததும் கொஞ்சம் எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் வெளியே எவ்வளவு சுக்ரோஸ் இருக்கிறது என்று அள. தூண்டி இல்லாத வரிசையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அதற்குத் தனியாகத் தூண்டி கொடுத்து அளந்துபார். சுமை தூக்கிய வரிசை மட்டும் கையை விடுகிறதா, இரண்டும் சேர்ந்து விடுகிறதா என்று அப்போதுதான் தெரியும்.

முக்கியமான எச்சரிக்கை: வெளியே சர்க்கரை இருக்கும் குடுவைக்குள் வேறு பாக்டீரியா நுழைந்தால் அது விருந்து சாப்பிடும், நீ சர்க்கரை குறைந்துவிட்டது என்று நினைப்பாய். வாரம் ஒரு முறை ஒரு துளியைச் சத்தான அகார் தட்டில் பரப்பி இருட்டில் வை. ஏதாவது முளைத்தால் அந்தக் குடுவையை எடுத்துவிடு.

வான்மதி
அடுத்த ஞாயிறு, காலை 11.15

அக்கா, ஆரம்பித்துவிட்டேன். பிஜி-11 என்ற வளர்ப்பு ஊடகத்தில் போட்டு முதல் மூன்று நாள் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. நேற்றுக் காலை கதவைத் திறந்ததும் வெளிறிய பச்சை. இன்று செல் அடர்த்தி, 730 நானோமீட்டர் ஒளியில் அளந்தால், 0.4 காட்டுகிறது. இருட்டுத் தட்டு சுத்தமாக இருக்கிறது. இப்போதே பிரித்துத் தூண்டி சேர்க்கலாமா?

நீலப்பச்சை
அடுத்த ஞாயிறு, காலை 11.40

இன்னும் ஒரு நாள் விடு. 0.8 வந்ததும் எதுவும் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு பங்கை எடுத்து, உறைபாதுகாப்புத் திரவம் கலந்து, சின்னக் குழாய்களில் மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடு. பத்துக் குழாயாவது வை, தேதி எழுது. எட்டு வாரம் கழித்துச் சர்க்கரை குறைந்தால், எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க உன்னிடம் இருக்கப்போவது அந்த முதல் தலைமுறை மட்டும்தான். நான் அன்றைக்கு வைக்கவில்லை.